ஒடுக்கெடுப்பது எப்படி? வீட்டிலேயே, ஞாயிற்றுக்கிழமைக்குள்

காரில் விழுந்த சின்ன ஒடுக்கை வீட்டிலேயே எடுக்க முதலில் வேண்டியது ஒரு கெடு. கெடு இல்லாதவர்கள் நிதானமாக டிங்கரிங் கடைக்குப் போய், டீ குடித்து, வண்டியை விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரையால் பயனில்லை. எனக்கு வாய்த்த கெடு ஞாயிறு மாலை ஆறு மணி. கார் மாமனாருடையது. என் தங்கை கல்யாணத்துக்குக் காஞ்சிபுரத்தில் புடவை எடுக்க வெள்ளிக்கிழமை வாங்கி வந்தோம். பதினோரு வருஷத்து வெள்ளைக் கார். சாவியைக் கொடுக்கும்போது "பாத்து ஓட்டுங்க மாப்ளே" என்றுகூட அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் பாதி பயம் குறைந்திருக்கும்.

சனிக்கிழமை காலை, நல்ல மாப்பிள்ளைக்கு அழகு வண்டியைக் கழுவித் தருவது என்று வாளியும் துணியுமாகக் கீழே இறங்கினேன். இந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள். இரவல் காரைக் கழுவவே கூடாது. அழுக்கைப் போல இரக்கமுள்ள பொருள் வேறில்லை. மேடு பள்ளம் எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் மூடிவைத்திருக்கும். நான் மூன்று வாளி ஊற்றிய பிறகு, பின்பம்பரின் இடது மூலையில் ஒன்றும் இடப்பக்கப் பின்கதவில் ஒன்றும் பளிச்சென்று தெரிந்தன. எங்கே இடித்தேன்? ஏகாம்பரநாதர் கோயில் பக்கத்துச் சந்தில் ரிவர்ஸ் எடுத்தபோது ஏதோ 'டொக்' என்றதாக ஞாபகம். மனைவியைக் கேட்டேன். "நீங்க பாட்டு வச்சிருந்தீங்க" என்றாள். அதற்கு மேல் அவளிடம் சாட்சியம் இல்லை.

ஒடுக்கின் அளவைச் சமையலறைக் கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். சென்டிமீட்டரில் சொன்னால் யாருக்கும் வயிறு கலங்காது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கதவில் இருந்தது ஒரு மெதுவடை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஒடுக்கைச் சரியாகப் பார்க்க ஒரு ட்யூப்லைட் போதும். பார்க்கிங்கில் எரியும் விளக்கு கதவில் விழுகிற இடத்தில் கண்ணை வையுங்கள். நேர்கோடாக ஓட வேண்டிய வெளிச்சம் ஒடுக்குக்கு அருகில் வந்ததும் மீன்தூண்டில் மாதிரி வளையும். பெயின்ட்டைத் தொடாமல் ஒடுக்கெடுக்கிற தொழில்காரர்களும் இப்படித்தான் கோடுகோடான விளக்குப் பலகை ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு, வெளிச்சக் கோடு நேராகும்வரை கதவின் உள்ளிருந்து நீளக் கம்பியால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புகிறார்கள். பார்க்க ஒன்றுமே நடக்காத வேலை. நமக்கோ இந்த வித்தை ஒரு சாபம். ஒருமுறை கண் பழகிவிட்டால் குரோம்பேட்டை சிக்னலில் நிற்கிற ஒவ்வொரு வண்டியின் ஒடுக்கும் தெரிய ஆரம்பிக்கும். பாதி நகரம் நசுங்கித்தான் ஓடுகிறது.

படி ஒன்று: பம்பரில் ஆரம்பியுங்கள்.

பம்பர் பிளாஸ்டிக். பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன், நம் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியும் டிபன்பாக்ஸும் அந்த வம்சம்தான். சூடு பட்டால் இளகும், இளகினால் வார்த்த வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். பெரிய குண்டானில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஒடுக்கின் மேல் நிதானமாக ஊற்றுங்கள். பம்பருக்கு அடியில் கையை விட்டு உள்ளிருந்து தள்ளுங்கள். 'பொளக்' என்று வெளியே வந்துவிடும். உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அப்படியே நின்றுவிடும். எனக்கு இரண்டாவது குண்டானிலேயே வந்துவிட்டது. செலவு, கொஞ்சம் கேஸும் இடது முழங்கையில் ஒரு கொப்புளமும்.

உண்மையிலேயே பலித்த ஒரே படி இதுதான் என்பதால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். யாரும் நிறுத்துவதில்லை. பம்பர் சரியான அந்த நிமிஷம் நான் ஒரு தொழில்காரன் ஆகிவிட்டேன். மீதித் தண்ணீரைக் கதவின் மேல் ஊற்றினேன். கதவு இரும்புத் தகடு. வெந்நீருக்கு இரும்பு இளகாது. இளகுமானால் வாணலியில் ரசம் வைக்க முடியாது.

இந்தக் கட்டத்தில் பார்வையாளர்கள் சேர்வார்கள். ஒரு மனிதன் காருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தால் போதும், அடுக்குமாடி முழுக்கத் தகவல் போய்விடும். வாட்ச்மேன் அண்ணன் வந்தார். இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியில் கரியைப் போட்டுவிட்டு வந்தார். மூன்றாம் மாடி சார் வந்தார், பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் ரயில்பெட்டித் தகடுகளோடு முப்பது வருஷம் இருந்து ஓய்வுபெற்றவர். "திருஷ்டி சார்" என்றார் வாட்ச்மேன். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று மாமனார் கட்டிய எலுமிச்சம்பழம் முன்பக்கம் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. பின்கதவை அதன் பொறுப்பில் யாரும் சேர்க்கவில்லை போலிருக்கிறது.

மூன்றாம் மாடி சார் சொன்னதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் அங்கே சொல்லப்பட்டவற்றில் உருப்படியானது அது ஒன்றுதான். "தகட்டுக்கு ஞாபகம் இருக்கு தம்பி. லேசா அமுக்கினா திரும்பி வந்துடும், எவர்சில்வர் டபரா அடிப்பக்கம் மாதிரி. எல்லை தாண்டி அமுக்கிட்டா புது வடிவத்தையே தன் வடிவம்னு நெனச்சுக்கும். இந்தப் பள்ளத்தோட நடு இருக்கே, அது வரத் தயாரா இருக்கு. ஓரத்துல மடிஞ்சு நிக்கிற மேடுதான் அதை விடமாட்டேங்குது. அதனால ஓரத்தத் தட்டித்தான் நடுவ எடுக்கணும். நடுவுலயே கைய வச்சீங்கன்னா..." வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முக்கால் மில்லிமீட்டர் தடிமன்கூட அநேகமாக இல்லாத தகடு என்றும் சொன்னார். நான் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நடுவில் கை வைத்தேன்.

படி இரண்டு: உறிஞ்சி இழுத்தல். பாத்ரூம் அடைப்பெடுக்கிற ரப்பர் கிண்ணம் இதற்கு உகந்தது. விளிம்பை ஈரமாக்கி ஒடுக்கின் மேல் அமுக்கி வெடுக்கென்று இழுக்க வேண்டும். கணக்குப்படி இது ராட்சசக் கருவி. காற்று ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்துகிறது. 12 சென்டிமீட்டர் வாயுள்ள கிண்ணத்துக்குள் துளிக் காற்றில்லாமல் செய்துவிட்டால் நூறு கிலோவுக்கு மேல் பிடிக்கும். ஆனால் கையால் அமுக்கி அந்த வெற்றிடத்தை உண்டாக்க முடியாது. மேலும் இந்த வித்தை பலிப்பது அகலமான, ஆழமில்லாத, மடிப்பு விழாத ஒடுக்குக்கு, அதுவும் தகட்டின் நடுப்பகுதியில். என்னுடையது கதவின் நீளத்துக்கு ஓடும் வரிமடிப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தது. அந்த மடிப்புதான் கதவுக்கே முதுகெலும்பு. அதன் பக்கத்தில் தகடு எளிதில் அசையாது. ஆறு முறை இழுத்தேன். ஆறாவது முறை கிண்ணம் விட்டுக்கொடுத்ததில் நான் பின்னால் நின்ற ஸ்கூட்டரின் மேல் சாய்ந்தேன். அதில் விழுந்த ஒடுக்கு இந்தக் கட்டுரையின் எல்லைக்குள் வராது.

"சூடு காட்டி ஐஸ் வைங்க சார்" என்றார் இஸ்திரிக்காரர். இதுதான் படி மூன்று, வீடியோக்களில் அதிகம் புழங்குவதும் இதுதான். ஹேர்டிரையரால் சூடேற்றி உடனே குளிரவைத்தால் தகடு சட்டென்று சுருங்கி 'டப்' என்று வெளியே வரும். பார்க்கப் பரவசமாக இருக்கும். கணக்குப் போட்டால் பரவசம் கொஞ்சம் இறங்கும். ஒரு மீட்டர் இரும்பு ஒரு டிகிரிக்கு 0.012 மில்லிமீட்டர் நீளும். பத்து சென்டிமீட்டர் இடத்தை 100 டிகிரி ஏற்றி இறக்கினால் கிடைப்பது 0.12 மில்லிமீட்டர். மேலோட்டமான ஒடுக்கு என்றால் சில நேரம் அந்த இழுப்பே போதும். என் மெதுவடைக்கு நாலு மில்லிமீட்டர் ஆழம். சிலர் உலர்பனிக்கட்டி வைக்கச் சொல்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் மேகத்தில் நடந்து வருவதுபோல் புகை விடுகிறார்களே, அதற்குப் போடுகிற சரக்கு. மைனஸ் 78 டிகிரி. வெறுங்கையால் தொட்டால் கை வெந்தது போலாகிவிடும். என் வீட்டு ஃப்ரீசரில் அதில்லை, குச்சி ஐஸ் இருந்தது. ஆரஞ்சு. வெள்ளைக் கதவில் வழிந்த ஆரஞ்சைத் துடைக்கும்போது ஒரு விஷயம் கவனித்தேன், ஒடுக்கைச் சுற்றி முடிபோல ஒரு விரிசல் ஓடியது. காலையில் அது இருந்ததாக நினைவில்லை. மெதுவடை, பூரி ஆகியிருந்தது.

விரிசலைக் கண்டதும் புத்திசாலிகள் வேலையை நிறுத்துவார்கள். நான் காப்பி குடித்துவிட்டு இன்ஷூரன்ஸ் கணக்கு போட்டேன், நீங்களும் போடுங்கள். வருஷாவருஷம் க்ளெய்ம் எதுவும் கேட்காமல் இருந்தால், வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் முதல் வருஷம் 20 சதவீதத்தில் தொடங்கி 25, 35, 45 என்று ஏறி, ஐந்து வருஷத்தில் 50 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். நோ க்ளெய்ம் போனஸ் என்பது அதுதான். ஒரு க்ளெய்ம் கேட்டால் புதுப்பிக்கும்போது அது பூஜ்யத்துக்குப் போய்விடும். அதற்கு மேல் 1500 சிசி வரையிலான கார் என்றால் முதல் ஆயிரம் ரூபாயை எப்படியும் நாமே கட்ட வேண்டும். ஆக, சின்ன ஒடுக்குக்காக இன்ஷூரன்ஸைத் தட்டியெழுப்புவது கொசுவுக்கு வீட்டைக் கொளுத்துவது. அதிலும் அது மாமனாரின் 50 சதவீதம். ஒரு மனிதன் ஐந்து வருஷம் இடிக்காமல் சேர்த்த புண்ணியம்.

எனவே படி நான்கு. இதற்கென்றே ஒரு செட் விற்கிறார்கள். ஒரு க்ளூ கன், நீலநிறப் பசைக் குச்சிகள், காளான் மாதிரி பிளாஸ்டிக் குமிழ்கள், ஒரு சின்னப் பாலம். காலையில் ஆர்டர் செய்தது மாலையே வந்துவிட்டது. குமிழில் சுடுபசை தடவி ஒடுக்கில் ஒட்டி, ஆறவிட்டு, பாலத்தை மேலே வைத்துத் திருகாணியைத் திருகினால் தகடு மெல்ல மேலே வரும். வேலை முடிந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தெளித்தால் பசை தானாக விட்டுவிடும். ஏமாற்று இல்லாத, நியாயமான முறை. ஒரே ஒரு நிபந்தனை, பெயின்ட் கம்பெனியில் அடித்ததாக இருக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு பூச்சாக அடித்து, 140 டிகிரி வாக்கில் அடுப்பில் வேகவைத்து எடுக்கிறார்கள். எல்லாப் பூச்சும் சேர்ந்து 0.1 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் அட்டை மாதிரி பிடித்துக்கொள்ளும். பின்னால் யாராவது தெருவோரம் அடித்த பெயின்ட்டுக்கு அந்த விசுவாசம் கிடையாது.

நான் திருகினேன். பாலம் முனகியது. அப்புறம் 'சட்'. குமிழ் கையோடு வந்தது. குமிழோடு பெயின்ட் வந்தது. பெயின்ட்டோடு அப்பளத் துண்டு போல வெளிர்சாம்பல் நிறத்தில் ஒரு சில்லும் வந்தது. பட்டி! பிளாஸ்டர் உதிர்ந்த சுவர் மாதிரி கதவு என்னைப் பார்த்தது. பூரி ஊத்தப்பம் ஆகிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு பயனுள்ள குறிப்பு. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பையில் ஒரு காந்தத்தைப் போட்டுக்கொண்டு போங்கள். இரும்புக் கதவில் அது 'டக்'கென்று ஒட்டும். பட்டி பார்த்த இடத்தில் தயங்கும். தடிமனாகப் பூசியிருந்தால் ஒட்டவே ஒட்டாது. நான் ஃப்ரிட்ஜிலிருந்த திருப்பதி பெருமாள் காந்தத்தை எடுத்துவந்து வைத்துப் பார்த்தேன். ஊத்தப்பத்தைச் சுற்றி எங்கேயும் பெருமாள் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு கீழே வந்தார். கதவுக்கு ஒரு பூர்வாசிரமம் இருக்கிறது என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் குற்றவாளிக்குத் துப்பறிகிற புத்தி வராது. மாமனார் தெருவோரக் கடைக்காரனிடம் ஏமாந்திருப்பார் என்று அவருக்காக வருத்தப்பட்டுக்கொண்டேன்.

ஞாயிறு காலை, சுத்தியல். இதற்குப் படி எண் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கதவின் உள்பக்கப் பலகையைக் கழற்ற வேண்டும். கைப்பிடிக்குப் பின்னால் ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும், மற்றதெல்லாம் பிளாஸ்டிக் கிளிப். எட்டு கிளிப் என்றால் ஐந்து உடையும். கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிடுங்கள். இறக்கி வைத்துவிட்டு உள்ளே கம்பியை விட்டு நெம்பினால் ஒடுக்கோடு கண்ணாடிக் கணக்கும் சேரும். உள்ளே குறுக்கே ஓடும் உருட்டுக்கம்பி, பக்கவாட்டில் வேறு வண்டி மோதினால் தாங்குவதற்காக வைத்தது. வேண்டாத பொருள் என்று நினைத்து அதை வளைக்கப் பார்க்காதீர்கள். நான் ஒரு நிமிஷம் நினைத்தேன்.

டிங்கர்கள் தகட்டின் ஒரு பக்கம் டாலி என்கிற கனமான இரும்புக் கட்டியை வைத்துக்கொண்டு மறுபக்கம் தட்டுவார்கள். வீட்டில் டாலிக்கு அம்மிக்குழவி. வழவழப்பு, கனம், கைக்கு அடக்கம் மூன்றும் உண்டு. சுத்தியலுக்குத் துணி சுற்றிய பருப்பு மத்து. மனைவி குழவியை வெளியே பிடித்தாள், நான் உள்ளிருந்து தட்டினேன். முதல் பத்து தட்டுக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. பதினோராவது தட்டில் பள்ளம் மேடாகிவிட்டது. வெளியே வந்து மேட்டைத் தட்டினேன், பக்கத்தில் இன்னொரு பள்ளம் விழுந்தது. அப்புறம் அது எண்ணெய் டின்னின் வயிறு மாதிரி ஆகிவிட்டது. விரலால் அமுக்கினால் 'டப்' என்று உள்ளே போகும், விட்டால் 'டப்' என்று வெளியே வரும். அடிக்க அடிக்கத் தகடு மெலிந்து அகலமாகிறது. அகலமானதற்கு இருக்க இடமில்லாமல் அங்குமிங்கும் புடைக்கிறது. அது மட்டுமில்லை, ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் விறைத்துப்போய்க் கடைசியில் முறிகிறதல்லவா, அந்த விறைப்பும் வந்துசேர்கிறது. மூன்றாம் மாடி சார் பால்கனியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. நேற்று பாதியில் விட்ட வாக்கியத்தின் மீதி இதுதான் என்று எனக்குப் புரிந்தது.

புதுப்பேட்டைக்குப் போய் அதே மாடலில் பழைய கதவு ஒன்று வாங்கி மாட்டிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. கிடைக்கும். புதுப்பேட்டையில் பொறுமையாகத் தேடினால் முழுக்காரையே துண்டுதுண்டாக வாங்கிவிடலாம். ஆனால் வெள்ளையில் எத்தனை வெள்ளை இருக்கிறது என்று கதவு வாங்கப் போகும் வரை யாருக்கும் தெரியாது. பால் வெள்ளை, முத்து வெள்ளை, பதினோரு வருஷம் வெயிலில் நின்ற வெள்ளை. மூன்றாவது எந்தக் கடையிலும் கிடைக்காது.

மதியம் மூன்று மணி. உரிந்த தகட்டை அப்படியே விடாதீர்கள், இது விளையாட்டில்லை. நம் ஊர் உப்புக்காற்றுக்கு வெறும் இரும்பு கிடைத்தால் துரு சீக்கிரமே எட்டிப்பார்க்கும். வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்து, துடைத்து, பிரைமர் ஒரு கை அடித்துவிட்டு டச்சப் பெயின்ட் பூச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்தில் பெயின்ட் கடை இல்லை. மகளின் பென்சில் பெட்டியில் ஒயிட்னர் இருந்தது. அதற்கு மேல் நான் விவரிக்க விரும்பவில்லை. மூன்று பாட்டில்.

இனி ஒப்படைக்கும் முறை. ஒடுக்கு இடப்பக்கம் என்றால், வண்டியின் இடப்பக்கம் காம்பவுண்டுச் சுவரை உரசுகிற மாதிரி நிறுத்துங்கள். சாயங்காலம் இருட்டுகிற நேரமாகப் பார்த்துப் போங்கள். சாவியோடு கூடவே அரை கிலோ காஞ்சிபுரம் இட்லிப்பொடியோ, வேறு ஏதாவது கை நிறைகிற பொருளோ கொடுங்கள்; கை நிறைந்தவர் வண்டியைத் தடவிப் பார்க்க மாட்டார். நான் எல்லாம் செய்தேன். ஆறடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது தாம்பரத்தில் மாமனார் வீட்டுக்குள் வண்டி போனது. மாமனார் பொட்டலத்தை வாங்கித் திண்ணையில் வைத்துவிட்டு, சுவருக்கும் காருக்கும் நடுவே இருந்த ஒரு முழ இடைவெளியில் தன்னை ஒருக்களித்துச் செருகிக்கொண்டார்.

"மாப்ளே, இந்தக் கதவுல ஒரு ஒடுக்கு இருந்துதே?"

அந்த 'இருந்துதே' எந்தக் காலத்தைச் சொல்கிறது என்று எனக்கு உடனே உறைக்கவில்லை.

"ரிட்டயர் ஆன வருஷம் மண்டபத் தூண்ல நான்தான் இடிச்சேன். உங்க அத்தைக்குத் தெரியக்கூடாதுன்னு பட்டி போட்டு அடிச்சு வச்சேன். மறுமாசமே அதே தூண்ல, அதே எடத்துல மறுபடி. அப்புறம் போகட்டும்னு விட்டுட்டேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஊர்ல எல்லாரும் வெள்ளை வண்டி வாங்கி வச்சிருக்கான். மண்டபத்துக்குப் போனா நாப்பது நிக்குது. அந்த ஒடுக்க வச்சுத்தான் நம்ம வண்டி எதுன்னு கண்டுபிடிப்பேன்."

ஒடுக்கு முன்பே இருந்ததா என்று உரிமையாளரைக் கேட்டுக்கொள்வது, இந்த வழிகாட்டியில் முதல் படியாக வந்திருக்க வேண்டியது. எனக்கு அது தெரியவந்த வரிசையிலேயே எழுதிவிட்டேன்.

"வண்டிய கொஞ்சம் வெளிய எடுங்க" என்றார். எடுத்தேன். கேட் வரை நடந்து போனார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, விளக்கு வெளிச்சத்தில் கதவை ரொம்ப நேரம் பார்த்தார்.

"பரவால்ல மாப்ளே. இது இங்கேருந்தே தெரியுது."